உங்கள் மகளுக்கு மூன்றாவது ஊசி போட்டாயிற்றா?



ஒரு காலத்தில் நம் குடும்பத்துப் பெண்மக்களின் படிப்பு பள்ளியோடு நின்றுவிடுவது வழக்கமாக இருந்தது. இன்று நிலைமை மாறியுள்ளது. செவிலியர் கல்லூரியிலும், ஆய்வுக்கூடத் தொழில்நுட்பப் பயிற்சியிலும், பல் மருத்துவத்திலும், சிறுநீரகச் சுத்திகரிப்புப் பிரிவிலும் நம் பிள்ளைகள் பயில்கின்றனர், பணியாற்றுகின்றனர். பிறர் நோய் தீர்க்கும் பணியில் நம் வீட்டுப் பிள்ளை ஈடுபட்டிருப்பது பெற்றோர்க்குப் பெருமையே. ஆனால் அந்தப் பெருமையோடு ஒரு பொறுப்பும் சேர்ந்தே வருகிறது.

கல்லூரியில் சேரும் நாளில் ஒரு பட்டியல் தருவார்கள். வெள்ளைச் சீருடை, காலணி, பாடநூல்கள், கட்டண விவரம் என்று நீளும் அப்பட்டியலின் ஒரு மூலையில், 'ஹெபடைடிஸ் பி தடுப்பூசி, மூன்று தவணை' என்றும் எழுதியிருக்கும். முதல் ஊசி உடனே போடப்படும். அடுத்த மாதம் இரண்டாவதும் போடப்படும். ஆறாவது மாதத்தில் போடவேண்டிய மூன்றாவது ஊசி? அப்போது தேர்வு வந்துவிடும். பெருநாள் விடுமுறை வந்துவிடும். அக்காளின் நிக்காஹ் வந்துவிடும். 'இரண்டு போட்டாயிற்றே, போதாதா?' என்று பிள்ளை கேட்பாள். பெற்றோரும் மறந்துவிடுவர்.

அந்த மூன்றாவது ஊசியைப் பற்றியதே இக்கட்டுரை. அதற்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறும், பல உயிரிழப்புகளும், நூற்றாண்டின் மிகச் சிறந்த மருத்துவ வெற்றிகளுள் ஒன்றும் உள்ளன.

இது எந்தக் காமாலை?

'மஞ்சள் காமாலை' என்று நாம் ஒரே பெயரால் அழைப்பது உண்மையில் ஒரு நோயன்று; பல நோய்களின் அடையாளமாகும். அசுத்த நீராலும் உணவாலும் பரவும் காமாலை வேறு. அது ஏ, இ எனும் வைரஸ்களால் வருவது. பெரும்பாலும் சில வாரங்களில் குணமாகிவிடும். நாம் பேசப்போவது 'பி' வைரஸ். இது தண்ணீரால் பரவாது. ஒரே தட்டில் உண்பதாலோ, கைகொடுப்பதாலோ, கட்டித் தழுவுவதாலோ, அருகில் அமர்வதாலோ பரவாது. இது இரத்தத்தாலும், தாம்பத்திய உறவாலும், பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்கும் பரவுகிறது.

இதன் கொடுமை, சத்தமின்றி உள்ளே தங்கிவிடுவதுதான். பிறந்தவுடன் இக்கிருமி தொற்றிய குழந்தைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு அது நிலைத்துவிடுகிறது. வயது வந்தோரில் பெரும்பாலோர் அதனை வென்றுவிடுகின்றனர்; நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவானவர்களுக்கே நிலைக்கிறது. ஆனால் நிலைத்துவிட்டால், பல ஆண்டுகள் எந்த அறிகுறியும் காட்டாமலிருந்து, பின்னர் கல்லீரல் சுருக்கமாகவோ கல்லீரல் புற்றுநோயாகவோ வெளிப்படலாம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2022-ஆம் ஆண்டில் உலகில் 25 கோடியே 40 லட்சம் பேர் இக்கிருமியுடன் வாழ்ந்தனர். அந்த ஓராண்டில் மட்டும் ஏறத்தாழ 11 லட்சம் பேர் இதனால் மாண்டனர். இந்தியாவில் ஏறத்தாழ 3 கோடிப் பேரிடம் இக்கிருமி உள்ளது. அவர்களுள் மிகப் பலர் தம்மிடம் அது இருப்பதையே அறியார்.

மருத்துவமனைக்கு வரும் நோயாளர்களுள் யார் அவர்? நெற்றியில் எழுதியிருப்பதில்லை. கால் முறிந்து வருபவராக இருக்கலாம். பிரசவத்திற்கு வந்த தாயாக இருக்கலாம். உங்கள் மகள் அவருக்கு ஊசி போடுகிறாள், இரத்தம் எடுக்கிறாள். போட்டு முடித்த ஊசிக்கு மூடியை மீண்டும் பொருத்தும்போது கை நழுவி, முனை விரலில் குத்திவிடுகிறது. ஒரு கணம்தான்!

அந்த ஒரு கணத்தில் நேரக்கூடியதை மருத்துவர்கள் அளந்து வைத்துள்ளனர். நோயாளியின் இரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தால், ஒரு குத்தலால் அது தொற்றும் வாய்ப்பு ஆயிரத்திற்கு மூன்று. 'சி' வகைக் கல்லீரல் வைரஸ் என்றால் நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டு. 'பி' வைரஸ் என்றாலோ, தடுப்பூசி போடாதவர்க்கு நூற்றுக்கு ஆறு முதல் முப்பது வரை! எய்ட்ஸ் என்றவுடன் அஞ்சி நடுங்கும் நாம், அதைவிடப் பன்மடங்கு எளிதில் தொற்றும் இக்கிருமியைப் பொருட்படுத்துவதில்லை. மேலும், உலர்ந்துபோன இரத்தத் துளியிலும் இவ்வைரஸ் குறைந்தது ஏழு நாட்கள் உயிரோடிருக்கும். ஆகவே ஊசி குத்தினால்தான் ஆபத்து என்பதில்லை. மேசையில் உலர்ந்து கிடந்த கறை, கையிலிருக்கும் சிறு கீறலைத் தொட்டாலும் ஆபத்தே.

வரலாறு கூறும் எச்சரிக்கை

இரத்தத்தின் வழியே காமாலை பரவக்கூடும் என்பதற்கான முதல் தடயம் 1885-இல் கிடைத்தது. ஜெர்மனியின் பிரெமன் நகரிலிருந்த கப்பல் கட்டும் தொழிலாளர் 1289 பேருக்கு, மனித உடலிலிருந்து எடுத்த நிணநீரைக் கொண்டு அம்மை குத்தினர். அவர்களுள் 191 பேருக்குப் பின்னர்க் காமாலை கண்டது. அடுத்து 1942-இல், அமெரிக்கப் படைவீரர்களுக்குப் போடப்பட்ட மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியில் மனித இரத்தத் தெளிநீர் கலந்திருந்ததால், ஏறத்தாழ 50,000 வீரர்கள் காமாலையால் படுக்கையில் வீழ்ந்தனர்.

மருத்துவமனை ஊழியர்களை உலுக்கியது 1969, 1970-ஆம் ஆண்டுகளில் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் நிகழ்ந்த துயரம். சிறுநீரகம் செயலிழந்தோரின் இரத்தத்தை இயந்திரத்தால் சுத்திகரிக்கும் சிகிச்சை அப்போதுதான் பரவி வந்தது. அப்பிரிவில் இக்கிருமி நுழைந்தது. நோயாளர்களோடு, அவர்களைப் பராமரித்த ஊழியர்களும் நோயுற்றனர். இரு தரப்பிலுமாக 11 பேர் உயிரிழந்தனர். உயிர் காக்கச் சென்றவர்கள் தம் உயிரை இழந்தனர்! அன்று அவர்களைக் காக்கத் தடுப்பூசி ஏதும் இருக்கவில்லை.

ஒரு துளி இரத்தத்தில் கிடைத்த துப்பு

தடுப்பூசிக்கான வழி, யாரும் எதிர்பாராத இடத்திலிருந்து பிறந்தது. அமெரிக்க அறிஞர் பரூச் பிளம்பர்க் காமாலையைத் தேடிச் சென்றவரல்லர். உலகின் பல இன மக்களின் இரத்தம் எவ்வாறு வேறுபடுகிறது என்பதை ஆராய்ந்தவர் அவர். ஆஸ்திரேலியப் பழங்குடி மனிதர் ஒருவரின் இரத்தத்தில் விநோதமான ஒரு புரதத்தை அவர் குழுவினர் கண்டனர். 1965-இல் அதனை வெளியிட்டனர். 'ஆஸ்திரேலியா ஆன்டிஜென்' என்று அதற்குப் பெயரிட்டனர். சில ஆண்டுகளில், அப்புரதம் ஹெபடைடிஸ் பி வைரஸின் மேலுறையே என்பது தெளிவாயிற்று. இக்கண்டுபிடிப்பிற்காக 1976-இல் பிளம்பர்க் நோபல் பரிசு பெற்றார். அவர் பிறந்த நாளான ஜூலை 28, இன்று உலகக் கல்லீரல் அழற்சி நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

அந்த மேலுறைப் புரதம் தானாக நோயை உண்டாக்காது. ஆனால் அதைக் கண்ட உடல், அதற்கெதிரான படையைத் திரட்டிக்கொள்ளும். திருடனின் சட்டையை மட்டும் காவலர்க்குக் காட்டி, 'இதை அணிந்து வருபவனைப் பிடி' என்று பழக்குவது போன்றதே இத்தடுப்பூசி.

முதலில், கிருமியுடையோரின் இரத்தத்திலிருந்தே அப்புரதத்தைப் பிரித்து, கிருமியை அழித்துத் தூய்மையாக்கித் தடுப்பூசி செய்தனர். 1981-இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. ஆனால் அதே காலத்தில் எய்ட்ஸ் நோய் தலைகாட்டியதால், மனித இரத்தத்தில் செய்த ஊசியைப் போட்டுக்கொள்ள மருத்துவர்களும் செவிலியர்களுமே தயங்கினர். இந்த அச்சத்திற்கு 1986-இல் முடிவு வந்தது. அப்புரதத்தைச் செய்யும் மரபணுவை ஈஸ்ட் எனும் நுண்ணுயிரியில் வைத்து, அந்த ஈஸ்ட்டையே புரதத்தை உற்பத்தி செய்ய வைத்தனர். இன்று நம் நாட்டில் போடப்படுவது அந்த வகையே. அதில் மனித இரத்தம் ஒரு துளியும் இல்லை. உயிருள்ள கிருமியும் இல்லை. ஆகவே ஊசியாலேயே நோய் வந்துவிடும் என்ற பேச்சிற்கு இடமேயில்லை.

865 ஊழியர்களிடம் நடந்த சோதனை

ஊசி உண்மையில் காக்கிறதா? இக்கேள்விக்கு வாய்ச்சொல் போதாது, சோதனை வேண்டும். நியூயார்க் இரத்த நிலையத்தைச் சேர்ந்த வூல்ஃப் ஷ்முனெஸ் எனும் அறிஞர், முதலில் நோய்வாய்ப்பு மிகுந்த 1083 ஆண்களிடம் சோதித்து, ஊசி போட்டோரிடையே நோய் மிகப் பெருமளவு குறைந்ததை 1980-இல் வெளியிட்டார்.

அடுத்து அவர் குழுவினர் மருத்துவமனை ஊழியர்களிடம் வந்தனர். எடின்பரோவில் ஊழியர்கள் மாண்ட அதே வகைப் பிரிவையே, அதாவது சிறுநீரகச் சுத்திகரிப்புப் பிரிவுகளையே தேர்ந்தெடுத்தனர். அமெரிக்காவின் 43 பிரிவுகளைச் சேர்ந்த 865 ஊழியர்கள் இதில் பங்கேற்றனர். ஒரு பாதியினர்க்கு உண்மையான தடுப்பூசி. மறு பாதியினர்க்கு மருந்தில்லா வெற்றூசி. யாருக்கு எது என்பது, போடுபவர்க்கும் தெரியாது, போட்டுக்கொள்பவர்க்கும் தெரியாது. 1982-இல் வெளியான முடிவு இது: வெற்றூசி பெற்றவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழப் பத்துப் பேருக்குத் தொற்று ஏற்பட்டது. தடுப்பூசி பெற்றவர்களில் நூற்றுக்கு இருவருக்கே ஏற்பட்டது. ஒரே பணி, ஒரே இயந்திரங்கள், ஒரே நோயாளர்கள். வேறுபாடு ஊசி ஒன்றே!

17,000 எங்கே? 400 எங்கே?

சோதனையில் வென்ற மருந்து, நாடு முழுவதும் பயன்பட்டபோதும் வென்றதா? அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்கு இதற்கு விடை கூறுகிறது. 1983-இல் அந்நாட்டின் மருத்துவ ஊழியர்களில் ஏறத்தாழ 17,000 பேருக்கு ஓராண்டில் இக்கிருமி தொற்றியது. 1995-இல் அந்த எண்ணிக்கை 400 ஆகக் குறைந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கிற்கும் மேல் வீழ்ச்சி!

ஒருவர் கேட்கலாம்: 'அக்காலத்தில் நாடு முழுவதுமே நோய் குறைந்திருக்குமே?' நியாயமான கேள்விதான். பொதுமக்களிடையேயும் குறைந்தது, லட்சம் பேருக்கு 122 ஆக இருந்தது 50 ஆயிற்று. ஆனால் மருத்துவ ஊழியரிடையே லட்சம் பேருக்கு 386 ஆக இருந்தது 9 ஆயிற்று! பொதுமக்களைவிட மூன்று மடங்கு ஆபத்திலிருந்த ஒரு தொழிலினர், பன்னிரண்டே ஆண்டுகளில் பொதுமக்களைவிட ஐந்து மடங்கு பாதுகாப்பு பெற்றவராயினர்.

இதில் கையுறை அணிவதற்கும், எல்லா நோயாளரின் இரத்தத்தையும் ஆபத்தானதாகவே கருதிக் கையாளும் வழக்கத்திற்கும் பங்குண்டு. சட்டத்திற்கும் பங்குண்டு. 1991 டிசம்பரில் அந்நாடு ஒரு விதியைக் கொண்டுவந்தது. இரத்தத்தோடு தொடர்புடைய பணியில் ஒருவரை அமர்த்தினால், பத்து வேலை நாட்களுக்குள் இத்தடுப்பூசியை அவருக்கு இலவசமாக அளிக்க வேண்டியது முதலாளியின் கடமை என்றது அவ்விதி. வேண்டாம் என்பவர் அதனை எழுதிக் கையொப்பமிட வேண்டும். மருத்துவர் தொடங்கித் துணி வெளுப்பவர் வரை யாவர்க்கும் இது பொருந்தும். ஊசி கண்டுபிடிக்கப்பட்டது முதல் படி. அது கடைநிலை ஊழியர் வரை சென்றடைந்ததே வெற்றி.

மற்ற நாடுகளில் அவ்வாறு சென்றடையவில்லை. 2000-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 66,000 மருத்துவ ஊழியர்க்கு ஊசி, கத்தி போன்ற கூரிய கருவிகளால் இக்கிருமி தொற்றியிருக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது.

மூன்றாவது ஊசி ஏன்?

இப்போது தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். நாற்பது வயதுக்குட்பட்ட நலமான ஒருவர்க்கு, முதல் ஊசிக்குப் பிறகு போதிய எதிர்ப்பாற்றல் பிறப்பது நூற்றுக்கு 30 முதல் 55 பேருக்கே. இரண்டாவதற்குப் பின் 75 பேருக்கு. மூன்றாவதற்குப் பின் 90 பேருக்கும் மேல். 'இரண்டு போதாதா?' என்று கேட்கும் பிள்ளைக்கு இதுவே விடை. இரண்டோடு நிறுத்தினால், நால்வரில் ஒருவர் கவசமின்றிக் களத்தில் நிற்கிறார். அந்த ஒருவர் யார் என்பது எவர்க்கும் தெரியாது.

முதல் நாள், ஒரு மாதம் கழித்து, ஆறு மாதம் கழித்து என்பது முறை. இடையில் தவறிவிட்டதா? கவலை வேண்டா. மீண்டும் முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை. விட்ட இடத்திலிருந்து போட்டு முடித்தால் போதும். ஓராண்டு கடந்திருந்தாலும் மூன்றாவதைப் போடலாம்.

ஊசியை மேற்கையின் தசையில்தான் போட வேண்டும். புட்டத்தில் போட்டால் மருந்து கொழுப்பில் தங்கி, எதிர்ப்பாற்றல் குறைவாகவே பிறக்கிறது என்பதை 1980-களில் கண்டறிந்தனர். வயது கூடுதல், உடற்பருமன், புகைபிடித்தல் ஆகியவையும் ஊசியின் பலனைக் குறைக்கும். ஆகவே இளமையிலேயே, பணியில் கை வைக்கும் முன்னரே, போட்டு முடிப்பது சிறந்தது.

நான்காவதாக ஒன்று உண்டு. அது ஊசியன்று, சோதனை. மூன்றாவது ஊசி போட்ட ஒன்று அல்லது இரண்டு மாதத்தில் இரத்தத்தில் எதிர்ப்பொருளின் அளவைப் பார்க்க வேண்டும். 10 அலகுக்கு மேல் இருந்தால் கவசம் பொருந்திவிட்டது என்று பொருள். பொதுமக்களுக்கு இச்சோதனை தேவையில்லை. ஆனால் இரத்தத்தைத் தொடும் ஊழியர்க்கு இன்றியமையாதது. ஏனெனில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு மூன்று ஊசிக்குப் பின்னும் ஆற்றல் பிறப்பதில்லை. அவர்கள் இரண்டாம் முறையாக மூன்று ஊசிகள் போட்டுக்கொண்டால் பலர்க்குப் பலன் கிட்டும். அப்போதும் பிறக்காவிடில், ஏற்கெனவே கிருமி உள்ளதா என்று பார்க்க வேண்டும். இல்லையெனில், 'எனக்குக் கவசமில்லை' என்பதை அறிந்து எச்சரிக்கையாகப் பணிபுரியலாம். அறியாமல் இருப்பதைவிட இது மேலானதன்றோ?

இச்சோதனையைப் பல ஆண்டுகள் தள்ளிப்போடக் கூடாது. காலப்போக்கில் எதிர்ப்பொருளின் அளவு இயல்பாகவே குறையும். பத்தாண்டு கழித்துப் பார்த்து, குறைவாக இருப்பின், அது பிறக்கவேயில்லையா, பிறந்து குறைந்ததா என்பது விளங்காது. உரிய காலத்தில் ஒருமுறை 10-க்கு மேல் இருந்ததற்குச் சான்று இருந்தால், பின்னர் அளவு குறைந்தாலும் அஞ்ச வேண்டா. உடலின் நினைவாற்றல் கிருமியைக் கண்டதும் படை திரட்டிவிடும். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் பாதுகாப்பு நீடிப்பதை அலாஸ்காவில் நடந்த நீண்டகால ஆய்வு காட்டியுள்ளது. ஆகவே அந்தச் சோதனைச் சீட்டைப் பள்ளிச் சான்றிதழோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள்.

ஊசி குத்திவிட்டால்...

முதலில் காயத்தைச் சோப்பாலும் நீராலும் நன்கு கழுவ வேண்டும். பிதுக்கவோ, காரமான மருந்துகளை ஊற்றவோ கூடாது. உடனே மேலதிகாரியிடம் கூற வேண்டும். 'திட்டுவார்கள்' என்று மறைக்கும் பெண்கள் உண்டு. மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் இழப்பே. நோயாளியின் இரத்தத்தைச் சோதிப்பர். உங்கள் மகள் மூன்று ஊசியும் போட்டு, ஆற்றல் பிறந்ததற்கான சீட்டும் வைத்திருந்தால், இக்கிருமியைப் பொறுத்தவரை வேறெதுவும் செய்யத் தேவையில்லை, எச்.ஐ.வி., 'சி' வைரஸ் ஆகியவற்றிற்கான சோதனைகளை மட்டும் மருத்துவர் கூறியபடி செய்துகொள்ள வேண்டும். ஊசியே போடாதவராயின், உடனடிப் பாதுகாப்பு தரும் இம்யூனோகுளோபுலின் எனும் விலையுயர்ந்த மருந்தும், தடுப்பூசியின் முதல் தவணையும் கூடுமானவரை 24 மணி நேரத்திற்குள், தவறினால் ஏழு நாட்களுக்குள் போட வேண்டும். சில நூறு ரூபாயில் முன்கூட்டியே முடிவதை ஏன் பல ஆயிரம் ரூபாய்க்கும் தூக்கமற்ற இரவுகளுக்கும் விட வேண்டும்?

நம் நாட்டு நிலை

ஒரு காலத்தில் இத்தடுப்பூசி வெளிநாட்டிலிருந்து வந்தது, செல்வர்க்கே எட்டியது. 1997-இல் ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் நிறுவனம் இந்தியாவிலேயே இதனைத் தயாரித்து வெளியிட்டது. விலை பெருமளவு இறங்கியது. 2011 டிசம்பரில், ஐந்து நோய்களைத் தடுக்கும் கூட்டூசியில் இதுவும் சேர்ந்து, நாட்டிலேயே முதலாவதாகத் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் குழந்தைகளுக்கு இலவசமாகப் போடத் தொடங்கினர். 2018 ஜூலை 28-இல் தொடங்கிய தேசியக் கல்லீரல் அழற்சித் தடுப்புத் திட்டம், மருத்துவ ஊழியர்க்கு இத்தடுப்பூசி போடுவதையும் தன் பணிகளுள் ஒன்றாகக் கொண்டுள்ளது.

இங்கே ஒரு கணக்கைக் கவனியுங்கள். இன்று செவிலியர் கல்லூரியில் காலடி வைக்கும் பதினெட்டு வயதுப் பெண், அந்தக் கூட்டூசி வருவதற்கு முன் பிறந்தவள். குழந்தைப் பருவத்தில் இத்தடுப்பூசியைத் தனியாகப் போட்டிருந்தாலன்றி, அவளுக்குக் கவசம் இருக்க வாய்ப்பில்லை. 'சின்ன வயதில் எல்லா ஊசியும் போட்டோமே' என்று உம்மா கூறுவதை நம்பி இராதீர்கள். தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள்.

வெளிநாட்டுக் கனவுடையோர்க்கு மற்றொன்றும் கூற வேண்டும். வளைகுடா நாடுகளுக்குப் பணிக்குச் செல்வோர்க்குச் செய்யப்படும் மருத்துவப் பரிசோதனையில் இக்கிருமிக்கான சோதனையும் உண்டு. கிருமி இருப்பின் தகுதியற்றவர் என்று திருப்பி அனுப்பப்படுவர். நான்காண்டுப் படிப்பும், வாப்பா வாங்கிய கடனும், ஒரு விரல்நுனிக் காயத்தால் வீணாக வேண்டுமா? மற்றும், ஊசி போட்ட சில நாட்களில் இச்சோதனையைச் செய்தால், ஊசியிலுள்ள புரதமே தென்பட்டுக் கிருமி இருப்பதாகத் தவறாகக் காட்டக்கூடும். ஆகவே மூன்று வாரமாவது இடைவெளி விடுவது நல்லது.

சில ஐயங்கள்

'கீழாநெல்லி இருக்க ஊசி எதற்கு?' என்று பெரியவர்கள் கேட்பதுண்டு. இக்கேள்வியை அறிவியல் அலட்சியப்படுத்தவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜன் குழுவினரும், அதே பிளம்பர்க்கும் இணைந்து, கிருமியுடையோர்க்குக் கீழாநெல்லி கொடுத்து ஆராய்ந்தனர். 1988-இல் வெளியான அம்முடிவில், மூலிகை பெற்ற 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்ததாகக் கூறினர். உலகமே வியந்தது. ஆனால் பின்னர்ப் பிற நாடுகளில் செய்த சோதனைகளில் அப்பலன் கிட்டவில்லை. எவ்வாறாயினும், அது நோய் வந்தபின் தேடிய மருந்து. வருமுன் காப்பது தடுப்பூசி. ஒன்றிற்கு மற்றொன்று ஈடாகாது.

'நான் மருத்துவமனையில் வேலை செய்யவில்லையே?' என்பார் சிலர். இரத்தத்தைத் தொடுவோர் அனைவரும் இதில் அடங்குவர். மருத்துவமனையில் பெருக்கித் துடைக்கும் பெண், குப்பைப் பையைக் கட்டும் தொழிலாளி ஆகியோர்க்கே மறைந்து கிடக்கும் ஊசி முதலில் குத்துகிறது. நம் பிள்ளைகளுக்குக் கத்னா செய்பவரும் இரத்தத்தைத் தொடுபவரே. அவர் ஊசி போட்டிருக்கிறாரா, ஒவ்வொரு பிள்ளைக்கும் புதிய அல்லது கிருமி நீக்கிய கருவியைப் பயன்படுத்துகிறாரா என்று கேட்பது குற்றமன்று, கடமை. மையித்தைக் குளிப்பாட்டும் பெரியவர்களும் கையுறை அணிவதும், இத்தடுப்பூசி போட்டுக்கொள்வதும் நலமே.

'ஏற்கெனவே கிருமி இருப்பதாகத் தெரிந்தால்?' ஊசி அவர்க்குப் பயன்படாது. ஆனால் வாழ்வு முடிந்துவிடவில்லை. கிருமியைக் கட்டுப்படுத்தும் மாத்திரைகள் இன்று உள்ளன. அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கின்றன. வீட்டிலுள்ள மற்றவர்கள், முதன்மையாகக் கணவன் அல்லது மனைவி, சோதித்து ஊசி போட்டுக்கொண்டால் பாதுகாப்புடன் இல்லறம் நடத்தலாம். தாயிடம் கிருமி இருப்பினும், குழந்தை பிறந்த 24 மணி நேரத்திற்குள் தடுப்பூசியும் இம்யூனோகுளோபுலினும் போட்டால், குழந்தையைப் பெரும்பாலும் காத்துவிடலாம். ஆகவே, இரத்தச் சோதனையில் கிருமி தெரிந்தது என்பதற்காகப் பேசிய சம்பந்தத்தை முறிப்பதும், ஒரு பெண்ணின் தட்டையும் தம்ளரையும் ஒதுக்கி வைப்பதும் அறியாமையாகும். தட்டால் இந்நோய் பரவாது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள்

வாசகப் பெருமக்களே! உங்களுள் சிறு மருத்துவமனை நடத்துவோர் இருக்கலாம். ஆய்வுக்கூடம் வைத்திருப்போர் இருக்கலாம். உங்களிடம் மாதச் சம்பளத்திற்குப் பணிபுரியும் ஏழைப் பெண்ணின் மூன்று ஊசிக்கான செலவை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். கூரிய கருவிகளைப் போட உறுதியான பெட்டி வையுங்கள். பயன்படுத்திய ஊசிக்கு மூடி பொருத்த வேண்டாம் என்று கற்றுக்கொடுங்கள். ஊசி குத்தியதாக அவள் ஓடி வந்தால், கடிந்துகொள்ளாமல் உடனே சிகிச்சைக்கு ஏற்பாடு செய்யுங்கள்.

பெற்றோராயின், இன்றிரவு விடுதியிலிருந்து மகள் தொலைபேசியில் பேசும்போது, 'சாப்பிட்டாயா? தூங்கினாயா?' என்று கேட்டபின், மேலும் மூன்று கேள்விகள் கேளுங்கள்: மூன்றாவது ஊசி போட்டாயிற்றா? அதன்பின் இரத்தச் சோதனை செய்தாயா? அந்தச் சீட்டு எங்கே இருக்கிறது?

எடின்பரோ ஊழியர்களுக்கு இக்கேள்விகளைக் கேட்க அன்று எவருமில்லை. கேட்டிருந்தாலும் போட ஊசி இருக்கவில்லை. இன்று ஊசி இருக்கிறது. கேட்க நீங்களும் இருக்கிறீர்கள்.